பிள்ளைப் பணத்துக்குக் கணக்கு எங்கே?



பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு நாள் நின்று பாருங்கள். ஒருவருடைய பாலில் ஒரு கிலோ குறைத்து எழுதிவிட்டால் போதும். "நிறுத்துங்கள்! மறுபடியும் நிறுங்கள்! என் கண் முன்னால் நிறுங்கள்!" என்ற குரல் எழும். மேலும் நான்கு பேர் அவருக்குத் துணையாக வந்து நிற்பார்கள். மண்டோர் சமாதானம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கிராணி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினால்தான் அங்கிருந்து நகர்வார்கள்.

அந்தக் கோபம் நியாயமான கோபம். நானும் ஒரு கிராணிதான். அந்தக் கோபத்தை நேரில் வாங்கிக் கட்டிக் கொண்டவன். இருந்தும் சொல்கிறேன், அதுதான் நம் தொழிலாளியின் பெருமை. உழைத்ததற்குக் கணக்குக் கேட்பவன் ஒருநாளும் அடிமையாகமாட்டான்.

ஆனால், ஒரு கிலோ பாலுக்குக் கணக்குக் கேட்கும் இதே தோழரிடம், "இறந்துபோன உங்கள் அண்ணனுடைய பிள்ளைகளுக்கு வந்த பணத்தின் கணக்கு எங்கே?" என்று ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். உடனே முகம் சிவக்கிறது. "சொந்த இரத்தத்திடம் கணக்குக் கேட்பதா? நான் என்ன திருடனா?" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறார். ஊரும் அவர் பக்கமே சாய்கிறது. கேட்டவன் குடும்பத்தைப் பிரிக்க வந்த கோள்மூட்டி ஆகிவிடுகிறான்.

ஒரு கிலோ பாலுக்கு ஒரு நியாயம், ஒரு அநாதைப் பிள்ளையின் வாழ்வுக்கு வேறொரு நியாயமா? இதைப் பற்றித்தான் இன்று நான் எழுத வந்தேன். யாருக்குக் கசந்தாலும் கசக்கட்டும்.

நான் போட்ட கையெழுத்து

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நான் கிராணி வேலைக்கு வந்த புதிதில், எங்கள் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவர் விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வெட்டுக்குப் போகும்போது லாரி மோதி இறந்தார். அவர் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஒன்பது வயதுப் பெண்; இளையவன் ஆறு வயதுப் பையன். பாட்டன் பாட்டி யாரும் உயிரோடு இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும், பட்டணத்தில் வேலை செய்த தம்பி ஆபீசுக்கு வந்தார். "அண்ணன் பிள்ளைகள் இனி என் பிள்ளைகள்" என்று கண்ணீர் விட்டார். எனக்கும் கண் கலங்கியது. சொக்சோ பாரங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். இறந்தவர் சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதி வைக்காததால், நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கான சம்பளச் சான்றுகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் இரண்டு நிர்வாகிகள் வேண்டும் என்றார்கள். இரண்டாம் ஆளாகத் தம்பியின் மனைவி கையெழுத்திட்டார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடும் இருவர்! அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

பணம் வந்தது. முதலில் ஒரு கார் வந்தது. பிறகு வீட்டுக்கு முன்புறம் ஒரு கூரை ஏறியது. அதன் பிறகு சொந்த மகளின் மஞ்சள் நீராட்டு, மண்டபம் பிடித்து, ஊரே வாயில் கைவைக்கும்படி நடந்தது. எஞ்சியதைக் கூட்டுக் கட்டினார். கூட்டு நடத்தியவர் ஒரு நாள் இரவோடிரவாக ஊரை விட்டுப் போனார்.

சென்ற ஆண்டு அந்தப் பெண் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறினாள். தாதிப் பயிற்சிக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டணத்துக்குச் சித்தப்பாவிடம் போனாள். "ஒன்பது வருஷம் சோறு போட்டேன். அதற்கு நான் கணக்குப் பார்த்தேனா?" என்று கேட்டாராம் அவர். இன்று அந்தப் பெண் மின்னியல் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு வேலை செய்கிறாள். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான்.

அவள் ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "கிராணி அண்ணே, எங்க அப்பா பணம் மொத்தம் எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. நான் நிரப்பிய பாரங்களின் நகல் ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. வந்த தொகை என்னவென்று பின்னால் விசாரிக்கவும் இல்லை. மூவாயிரம் மரத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். மழைநாளுக்கு, ஒட்டுப்பாலுக்கு, செக்ரோலில் அரை நாளுக்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் வாழ்வுக்கு மட்டும் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அந்த வெட்கந்தான் இன்று என்னை எழுத வைக்கிறது.

பணம் யாருடையது?

பல தோட்டங்களில் இன்னும் ஒரு மூடக்கருத்து உண்டு. ஆண் இறந்தால் அவன் பணம் "குடும்பப் பணம்"; அதை எடுத்து ஆள்வது அவன் அண்ணன் தம்பியின் உரிமை என்பது அது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். 1997இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி, மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்கு நாலில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் சகோதரர்களுக்கு வாரிசுப் பங்கு இஸ்லாமியச் சட்டப்படி வேறாக அமையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 30,000 வெள்ளி விட்டு இறந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெற்றோர் இல்லை. மனைவிக்கு 10,000. பிள்ளைகளுக்கு 20,000, அதாவது ஆளுக்குப் பத்தாயிரம். பெற்றோர் உயிரோடு இருந்தால் மனைவிக்கு 7,500, பெற்றோருக்கு 7,500, பிள்ளைகளுக்கு 15,000. இந்தக் கணக்கில் அண்ணன் எங்கே இருக்கிறார்? தம்பி எங்கே இருக்கிறார்? ஒரு காசும் இல்லை! பிள்ளை இருக்கும் வீட்டில் இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் பங்கே கிடையாது.

சொக்சோவும் அப்படியே. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு வரும் மாதப் பணத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைக்கு 21 வயது ஆகும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை அது வரும். மேற்படிப்புப் படித்தால் முதல் பட்டம் முடியும் வரையும் வரும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கென்று சட்டம் எண்ணிக் கொடுக்கும் பணம் அது. சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் தவணைக்காக யாரும் அதைக் கொடுக்கவில்லை.

காவலன் யார்? அவன் கடமை என்ன?

இப்போது 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்துக்கு வருவோம். முதலில் தந்தைக்கே முதலிடம் தந்த அந்தச் சட்டம் 1999இல் திருத்தப்பட்டது. அதன் பிறகு பிள்ளையின் மீதும் பிள்ளையின் சொத்தின் மீதும் தாய்க்குத் தந்தையோடு சம உரிமை உண்டு. ஒருவர் இறந்தால் மற்றவர் பாதுகாவலர். ஆகவே, கணவனை இழந்த பெண்ணைப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும், நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று கொழுந்தன்மார் காகிதத்தை நீட்டினால், தாய்மார்களே, கையெழுத்துப் போடாதீர்கள்! காகிதத்தை வாங்கிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது ஒன்று. பிள்ளையின் சொத்துக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆவது வேறொன்று. சோறு போட்டு வளர்ப்பதாலேயே பணத்தை எடுத்தாளும் அதிகாரம் தானாக வந்துவிடாது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் செய்ய வேண்டியது என்ன? எளிய தமிழில் சொல்கிறேன்.

முதலாவது: பிள்ளையின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்கக் கூடாது. பிள்ளைக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். தன் சட்டைப் பையும் பிள்ளையின் பையும் ஒன்றாகிவிட்டால், பிறகு எது யாருடையது என்று பிரமனே வந்தாலும் பிரிக்க முடியாது.

இரண்டாவது: முன்யோசனையுள்ள மனிதன் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பேணுவானோ, அவ்வளவு கவனமாகப் பிள்ளையின் சொத்தைப் பேண வேண்டும். இந்த அளவுகோலைச் சட்டமே வைத்திருக்கிறது. பிள்ளைப் பணத்தைக் கூட்டுக் கட்டுவது முன்யோசனையா? இந்த நாட்டில் கூட்டு நடத்துவதை 1971லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான இடத்தில் அநாதையின் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவன், "நானும் ஏமாந்துவிட்டேன்" என்று கையை விரித்தால் ஒப்புக் கொள்ள முடியுமா?

மூன்றாவது: நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பிள்ளையின் சொத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, மாற்றிக் கொள்ளவோ கூடாது. பிள்ளையின் நிலத்தை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் அனுமதி வேண்டும். தந்தை வாங்கிப் போட்ட சிறு வீடாக இருந்தாலும் இதுவே விதி. மீறிச் செய்ததைச் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்க முடியும்.

நான்காவது: பிள்ளையின் உணவு, உடை, மருந்து, படிப்பு ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தின் வருமானத்திலிருந்து நியாயமாகச் செலவு செய்யலாம். இதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது பிள்ளைக்கான செலவாக இருக்க வேண்டும். சொந்த மகளின் சடங்குக்குப் போட்ட பந்தல் அண்ணன் மகளின் படிப்புச் செலவாகாது.

ஐந்தாவது: அந்தப் பணத்தில் தான் இலாபம் பார்க்கக் கூடாது. அதைத் தனக்கே கடனாக எடுத்துக் கொள்ளவும் கூடாது. "பிறகு வைத்து விடுகிறேன்" என்று எடுத்த கை திரும்பி வைத்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆறாவது: கணக்கு. வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று காட்ட வேண்டும். பிள்ளை வயது வந்ததும் மிச்சத்தை ஒப்படைக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவாக 18 வயதில் ஒருவர் பெரியவராகிறார். ஆனால் பாதுகாவலர் சட்டத்தின் காரியங்களுக்கு மட்டும், முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு 21 வயது என்று வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆறையும் மீறினால் என்ன ஆகும்? நீதிமன்றம் பாதுகாவலரை நீக்கலாம். பிள்ளையின் சார்பில் வேறொருவர் வழக்குப் போடலாம். பிறருக்காக நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்வது தண்டனைச் சட்டத்தின்படி நம்பிக்கை மோசடி. அதற்குச் சிறை உண்டு. "குடும்ப விஷயம்" என்று நாம் மூடி மறைப்பதைச் சட்டம் குற்றம் என்கிறது.

சாக்குப் போக்குகள்

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றையும் பார்த்துவிடுவோம்.

"வளர்த்தவனுக்குச் செலவில்லையா? அன்புக்குக் கணக்குப் பார்ப்பதா?" என்கிறார்கள். ஐயா, அன்புக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. அநாதைப் பிள்ளையை ஏற்று வளர்ப்பவர் பெரிய மனிதர்தாம். அவர் காலைத் தொட்டுக் கும்பிடவும் நான் தயார். பிள்ளைக்கு ஆன நியாயமான செலவை எடுத்துக் கொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. அப்படியிருக்க, எழுதி வைப்பதில் என்ன குறைந்துவிடும்? நேர்மையாகச் செலவழித்தவருக்கு அந்தக் கணக்குப் புத்தகமே கவசம். நாளைக்கு ஊர் வாய் எதையாவது பேசினால், "இதோ பார்!" என்று முகத்துக்கு நேரே விரித்துக் காட்டலாம். கணக்கு எழுதாத நல்லவனையும் திருடனையும் ஊர் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

"எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கணக்கு எப்படி வைப்போம்?" என்கிறார்கள். இதை நான் நம்பமாட்டேன். போன மாதம் எத்தனை நாள் மழையால் வெட்டுக் கெட்டது, எந்த நாளில் எத்தனை கிலோ பால், அதற்கு எத்தனை காசு என்று விரல்விட்டுச் சொல்கிறவர்கள் நீங்கள். எங்கள் புத்தகத்தில் பிழை கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுத, அந்தப் பிள்ளைக்கே இரண்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்களேன்! தன் பணத்தின் கணக்கைத் தானே எழுதி வளரும் பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது.

"போலீசு, கோர்ட்டு என்று போனால் குடும்ப மானம் போய்விடும்" என்கிறார்கள். மானம் எப்போது போயிற்று? அநாதையின் பணத்தில் கார் வாங்கியபோது போகவில்லை. அந்த அநாதை அதைக் கேட்டபோதுதான் போயிற்றா? வேலியே பயிரை மேய்ந்தது. பயிர் வாய் திறந்ததும் வேலிக்கு ரோஷம் வந்துவிட்டது!

கணக்குக் கேட்டதுதான் நம் வரலாறு

நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் கடன் எப்போதும் தீராது; ஏனென்றால் புத்தகம் எழுதியவன் கையிலேயே இருந்தது. 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. ஆனாலும் ஆள் பிடித்து வந்த கங்காணியின் கணக்குத் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அந்தப் பிடி தளரவில்லை. "நான்தானே உன்னை ஊரிலிருந்து கூட்டி வந்தேன், நான்தானே சோறு போட்டேன், என்னிடமே கணக்கா?" என்பதுதான் கங்காணியின் பேச்சு. அந்தப் பிள்ளைகளின் சித்தப்பா சொன்னதும் இதே பேச்சு என்பதைக் கவனியுங்கள்!

1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. நம் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டறியும் உரிமை நமக்குக் கிடைத்தது. 1954இல் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒரே தேசியச் சங்கமாக இணைந்தன. சம்பளத்தைப் பேரம் பேசி, எழுத்தில் வாங்கும் பலம் பிறந்தது. 1960இல் துன் சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டமே வாங்கினோம். இந்த ஒவ்வொரு படியிலும் நாம் கேட்டது ஒன்றுதான்: எங்கள் பணத்துக்குக் கணக்குக் காட்டு!

முதலாளியிடம் கேட்டோம். கங்காணியிடம் கேட்டோம். கிராணியிடம் இன்றும் கேட்கிறோம். நம் வீட்டுக்குள் கேட்க மட்டும் நா எழவில்லையென்றால், நாம் பெற்ற விடுதலை வாசற்படியோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். வீட்டுக்குள் ஒரு கங்காணியை வைத்துக் கொண்டு வெளியில் கொடி பிடிப்பது என்ன வீரம்?

செய்ய வேண்டியது

புலம்பிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் எடுத்துச் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது முதலில். தோழர்களே, உங்கள் சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதியிருக்கிறீர்களா? இளவட்டமாக இருந்தபோது தம்பி பெயரையோ, அம்மா பெயரையோ எழுதிவிட்டு, கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகும் மாற்றாமல் இருக்கிறீர்களா? முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, பெயர் எழுதப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர் ஆகிறார். மேலே சொன்ன பங்கீட்டுச் சட்டம் அங்கே உதவிக்கு வராது. இந்த மாதமே போய்ப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். நிலநிதிப் பங்கு இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்து, உங்களுக்குப் பிறகு பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதை உயிலில் எழுதி வையுங்கள். சொத்து இருப்பவனுக்குத்தான் உயில் என்று நினைக்காதீர்கள். பிள்ளை இருப்பவனுக்கெல்லாம் உயில் வேண்டும்.

சாவு நேர்ந்த வீட்டில், வயது வராத பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் நிர்வாகப் பத்திரத்துக்குச் சாதாரணமாக இரண்டு பேர் வேண்டும், அல்லது அமானா ராயா போன்ற அறங்காப்பு நிறுவனம் வேண்டும். அந்த இரண்டாம் ஆள் முதல் ஆளின் வீட்டிலிருந்து வரக் கூடாது. தாய்வழியில் ஒருவர், தந்தைவழியில் ஒருவர் இருக்கட்டும். ஒருவர் கையை மற்றவர் கண் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் சட்டம் இருவர் என்றது. நான் அன்று செய்த பிழையை இனி எந்தக் கிளையும் செய்யலாகாது.

நம்பத்தக்க உறவினர் யாரும் இல்லையென்றால் அமானா ராயாவிடம் ஒப்படையுங்கள். பழைய பொது அறங்காப்பாளர் இலாகாவின் இடத்தில் 1995ஆம் ஆண்டின் சட்டப்படி வந்த நிறுவனம் அது. அது கட்டணம் எடுக்கும், உண்மைதான். ஆனால் சித்தப்பா எடுத்த கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. பாதுகாவலர் வழக்குகளுக்கும் அங்கே உதவி கேட்கலாம். கிளைச் செயலாளர் உடன் செல்ல வேண்டும். துக்க வீட்டுப் பெண் தனியே படியேறி, தெரியாத மொழியில் திண்டாடும்படி விடுவது நமக்கு அழகில்லை.

கடைசியாக, கிராணித் தோழர்களே, இது உங்களுக்கும் எனக்கும். பாரம் நிரப்பும் பேனா நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோப்புத் திறப்போம். எந்த இலாகாவிலிருந்து எந்தப் பணம் கேட்டிருக்கிறோம், எந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது, நிர்வாகிகள் யார் யார் என்று எழுதி வைத்து, ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு நகலைச் சேர்ப்போம். ஒரு நகல் கிளைச் சங்கத்தில் இருக்கட்டும். இன்னொரு நகலை ஓர் உறையில் போட்டு, பிள்ளையின் தாய்வழி உறவிடம் கொடுப்போம். ஆண்டுக்கு ஒரு முறை கிளைக் குழுவிலிருந்து இருவர் அந்த வீட்டுக்குப் போய், ஒரு காப்பி குடித்துவிட்டு, "பிள்ளை கணக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு வரட்டும். கோபித்துக் கொள்கிறவர் கோபித்துக் கொள்ளட்டும். நேர்மையானவர் நோட்டை எடுத்து நீட்டுவார்.

அந்தப் பெண்ணின் விஷயம் முடிந்துவிடவில்லை. சேமநிதி, சொக்சோ அலுவலகங்களுக்கு அவளோடு நானும் போய் வந்தேன். கொடுத்த தொகை என்னவென்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சட்ட உதவி இலாகாவிலும் விண்ணப்பம் போட்டாயிற்று. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. ஊரில் சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். போகட்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் முகத்தைத் திருப்பிக் கொண்டேன். அதற்கு இது சிறு தண்டனை.

அவள் கேட்ட கேள்விக்கு ஒரு தொகையைப் பதிலாகச் சொல்லும் வரை நான் விடப்போவதில்லை. உங்கள் தோட்டத்திலும் இதே கேள்வியை மனத்தில் வைத்துக் கொண்டு, வாய் திறக்க அஞ்சி நிற்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தாக் கணக்கைப் படித்து முடித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து நின்று, "நம் தோட்டத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று கேளுங்கள்.

கேட்பது குற்றமன்று. கேளாதிருப்பதே குற்றம்.

— ஒரு தோட்டக் கிராணி